நான்கு முறை வென்ற மூவர்

கூடைப்பந்து விளையாடப்படும் நாடுகளில் ஒரு விவாதம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. எக்காலத்திற்கும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் மைக்கல் ஜோர்டனா, லெப்ரோன் ஜேம்ஸா? ஜோர்டன் ஆறு முறை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் இறுதிச் சுற்றுக்குச் சென்று ஆறு முறையும் வாகை சூடியவர். லெப்ரோன் பத்து முறை சென்று நான்கு முறை வென்றவர். ஆனால், 2023-இல் அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிக அதிகப் புள்ளிகளைக் குவித்தவர் என்ற இடத்தைப் பிடித்தார். இருவரையும் விட அதிகமாக 11 முறை பட்டம் வென்ற பில் ரசலின் பெயரோ இளையோர் பேச்சில் அரிதாகவே வருகிறது.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் தெற்கில் உள்ள சிம்பாங் அம்பாட்டில் இதே விவாதம் வேறொரு விளையாட்டைப் பற்றி நடக்கும். மாலை நேரத்தில் உணவகத் தொலைக்காட்சியில் பூப்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தால் போதும். மலேசியாவின் மிகச் சிறந்த பூப்பந்து விளையாட்டாளர் யார் என்ற பேச்சு எப்படியும் எழுந்துவிடும். இளையோர் உடனே சொல்லும் பெயர் லீ சோங் வெய். அதில் வியப்பில்லை. அவர் பேராக்கிலுள்ள பாகான் செராயில் 1982-இல் பிறந்து, சிம்பாங் அம்பாட்டுக்குச் சற்று வடக்கே இருக்கும் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவர். அக்கம்பக்கத்துப் பிள்ளை என்ற பாசமும் அந்தப் பதிலில் கலந்திருக்கிறது. ஆனால், கடலுக்கு அப்பால் தீவில் பிறந்த எடி சூங்கின் பெயரைப் பெரியவர்கள் எடுத்துவிட்டால் விவாதம் சூடு பிடிக்கும். பழைய வரலாறு அறிந்த ஒருவர் இருந்தால் மூன்றாவதாக வோங் பெங் சூன் பெயரும் வரும்.

சோங் வெய் சிறுவயதில் விரும்பியது கூடைப்பந்தைத்தான். கொளுத்தும் வெயிலில் திறந்த வெளியில் ஆட வேண்டாம் என்று தாயார் தடுத்துவிட்டார். பூப்பந்துப் பிரியரான தந்தை அவரைத் தம்முடன் ஆட்டக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அந்தத் தாயார் கொஞ்சம் விட்டுக் கொடுத்திருந்தால் இந்த விவாதத்தில் இரண்டு பெயர்களே மிஞ்சியிருக்கும்!

மூவரையும் ஒப்பிட முற்படுவோர் முதலில் நாடுவது அகில இங்கிலாந்துப் பூப்பந்துப் போட்டியை. 1899-இல் தொடங்கிய இப்போட்டி, பூப்பந்து உலகின் மிகப் பழைமையான போட்டிகளுள் ஒன்று. உலக வெற்றியாளர் போட்டி 1977-இல்தான் தொடங்கியது. ஒலிம்பிக்கில் பூப்பந்துக்குப் பதக்கம் வழங்கப்பட்டதோ 1992 முதல். அதற்கு முன்னர் அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்றவரையே உலகம் தன் வெற்றியாளராகக் கருதியது. ஆகவே, மூவரையும் நிறுத்துப் பார்க்க இதுவே பொதுவான தராசு எனலாம். தராசு காட்டும் முடிவோ வேடிக்கையானது. வோங் பெங் சூன் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை 1950, 1951, 1952, 1955 ஆகிய ஆண்டுகளில் வென்றார். எடி சூங் 1953, 1954, 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் வென்றார். லீ சோங் வெய் வென்ற ஆண்டுகள் 2010, 2011, 2014, 2017. மூவருக்கும் நான்கு நான்கு!

முதல் இருவரின் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். 1950 முதல் 1957 வரை எட்டு ஆண்டுகள் அந்தப் பட்டம் மலாயாவை விட்டு வெளியே போகவே இல்லை. எடி சூங் தம் நான்காவது பட்டத்தை வென்ற சில மாதங்களில் நாடு விடுதலை அடைந்தது. அதாவது, விடுதலைக் கொடி ஏறுவதற்கு முன்பே பூப்பந்தில் இந்த மண் உலகின் உச்சியில் இருந்தது.

எண்ணிக்கை சமமாகும்போது, இருவரும் நேருக்கு நேர் மோதினார்களா என்று பார்ப்பது வழக்கம். சோங் வெய்யை மற்ற இருவரோடு மோதவிட வழியில்லை. ஆனால், வோங்கும் எடியும் 1955 அகில இங்கிலாந்து இறுதியாட்டத்தில் சந்தித்தனர். எடிக்கு அப்போது 24 வயது. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் பட்டத்தைத் தம் கையில் வைத்திருந்தவர் அவர். வோங்கோ முப்பதின் பிற்பகுதியில் இருந்தார். ஆட்டம் 15-7, 14-17, 15-10 என வோங்கின் பக்கம் முடிந்தது. இந்த ஒரு முடிவை மட்டும் சான்றாக வைத்தால் வழக்கு முடிந்துவிடும். ஆனால், ஒரு நாள் ஆட்டத்தைக் கொண்டு இரண்டு வாழ்க்கைகளை எடைபோடலாமா என்று எடியின் பக்கத்தார் கேட்பர். அந்தக் கேள்வியும் நியாயமானதே.

வோங் பெங் சூன் ஜொகூர் பாருவில் பிறந்தவர். ஒற்றையர் பிரிவில் அகில இங்கிலாந்துப் பட்டம் வென்ற முதல் ஆசியர் அவரே. அவருடைய புறங்கை வீச்சும் திடலில் அலட்டிக்கொள்ளாமல் நகரும் பாங்கும் பெரிதும் புகழப்பட்டவை. அவருடைய கணக்கை எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போரால் 1940 முதல் 1946 வரை அகில இங்கிலாந்துப் போட்டி நடைபெறவில்லை. மலாயாவும் சிங்கப்பூரும் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் துன்புற்றன. விளையாட்டாளர் ஒருவரின் உடல் மிகவும் வலுவாக இருக்கும் இருபதுகளின் பிற்பாதி அவருக்கு அப்படியே கழிந்தது. நான்கு பட்டங்களையும் அவர் முப்பது வயதைக் கடந்த பின்னரே வென்றார். போர் நேராதிருந்தால் எத்தனை வென்றிருப்பார் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. அவர் யாருக்குச் சொந்தம் என்பதிலும் போட்டி உண்டு. அக்காலத்தில் சிங்கப்பூர் விளையாட்டாளர்கள் மலாயா அணியில்தான் ஆடினர். அதனால், இன்று இரு நாடுகளும் அவரைத் தம்மவர் எனக் கொண்டாடுகின்றன.

எடி சூங் பினாங்கில் 1930-இல் பிறந்தார். குட்டையான உருவம். உயரமானவர்கள் நின்ற இடத்திலிருந்தே அடிக்கும் பந்தை அவர் துள்ளிக் குதித்து அந்தரத்தில் நின்று அடித்தார். இன்று ஏறக்குறைய எல்லா ஒற்றையர் ஆட்டக்காரர்களும் அப்படித்தான் அடிக்கிறார்கள். அந்நாளில் அது பார்வையாளர்களை வாய்பிளக்க வைத்த காட்சி. மேலும், அவர் ஒற்றையர் ஆட்டத்தோடு நின்றுவிடவில்லை. தம் அண்ணன் டேவிட் சூங்குடன் இணைந்து 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார். 1953-இல் ஒற்றையர், இரட்டையர் இரண்டும் அவருடையவை. இன்றைய போட்டிகளில் முன்னணி ஒற்றையர் விளையாட்டாளர் இரட்டையர் பிரிவிலும் களமிறங்குவது மிக அரிது, உடல் தாங்காது. எனவே, பன்முகத் திறன்தான் அளவுகோல் என்றால் மூவருள் எடியை மிஞ்ச ஆளில்லை.

இனி லீ சோங் வெய். அவரைப் பற்றிய விவாதத்தில் எண்களுக்குப் பஞ்சமில்லை. உலகத் தரவரிசையில் மொத்தம் 349 வாரங்கள் முதலிடம். அவற்றுள் 2008 ஆகஸ்டு முதல் 2012 ஜூன் வரை 199 வாரங்கள் தொடர்ச்சியாக. மலேசியப் பொதுப் போட்டியில் 12 முறை வெற்றி. காமன்வெல்த் போட்டியின் ஒற்றையர் பிரிவில் 2006, 2010, 2018 என மூன்று தங்கம். இவற்றைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்குவதற்குள் எதிர்த்தரப்பு ஒரே வரியில் மடக்கும்: ஒலிம்பிக் தங்கம் எங்கே?

கேள்வி கூர்மையானதுதான். 2008 பெய்ஜிங், 2012 லண்டன், 2016 ரியோ என மூன்று ஒலிம்பிக்கிலும் அவர் இறுதியாட்டம் வரை சென்றார். மூன்றிலும் வெள்ளியே கிடைத்தது. முதல் இரண்டில் சீனாவின் லின் டானிடமும் மூன்றாவதில் சென் லோங்கிடமும் தோற்றார். லண்டனில் முதல் செட்டை வென்ற பின், 21-15, 10-21, 19-21 என ஆட்டம் கைநழுவியது. இறுதி செட்டில் இடைவெளி இரண்டே புள்ளிகள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு தோமஸ் கிண்ணப் போட்டியில் கணுக்காலில் காயமுற்று, மீண்டு வந்து ஆடிய ஆட்டம் அது. முந்தைய ஆண்டு உலக வெற்றியாளர் போட்டியின் இறுதியாட்டத்திலும் அதே லின் டானிடம் மூன்றாவது செட்டை 21-23 எனப் பறிகொடுத்தார். இருவரும் மொத்தம் 40 முறை மோதினர். லின் டான் 28, சோங் வெய் 12. 2016 ரியோ அரையிறுதியில் 15-21, 21-11, 22-20 என லின் டானை வீழ்த்திய ஆட்டம் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. அன்று மலேசியாவில் அதைப் பார்க்காத வீடு குறைவு.

கூடைப்பந்து விவாதத்தின் அதே முடிச்சு இங்கும் விழுகிறது. ஆறு முறை சென்று ஆறும் வென்ற ஜோர்டனை விட, பத்து முறை சென்று ஆறு முறை தோற்ற லெப்ரோன் குறைந்தவரா? இறுதியாட்டத் தோல்வியை மட்டும் கணக்கில் எடுப்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. காலிறுதியில் வெளியேறியவருக்கு இறுதியாட்டத்தில் தோற்றவர் என்ற பழி வருவதே இல்லை. அவ்வளவு தூரம் சென்றவருக்குத்தான் அந்தப் பழி. மூன்று ஒலிம்பிக், அதாவது எட்டு ஆண்டு இடைவெளியில், உலகின் முதல் இருவருள் ஒருவராக நிற்பது தங்கம் ஆகாது. ஆனாலும் அதைத் தோல்விக் கணக்கில் எழுதுவது முறையன்று. அதோடு, வோங்கும் எடியும் ஆடிய காலத்தில் ஒலிம்பிக்கில் பூப்பந்தே கிடையாது. அவர்களிடம் இல்லாத தங்கத்தைக் கேட்காதவர்கள், சோங் வெய்யிடம் மட்டும் அதைக் கேட்கிறார்கள்.

சோங் வெய்யின் கணக்கில் ஒரு கரும்புள்ளியும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2014 உலக வெற்றியாளர் போட்டியின்போது நடந்த பரிசோதனையில் தடைசெய்யப்பட்ட மருந்து ஒன்று அவர் உடலில் கண்டறியப்பட்டது. ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இல்லை என விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. எனினும், எட்டு மாதத் தடையும் அந்த ஆண்டு வெள்ளிப் பதக்கப் பறிப்பும் தப்பவில்லை. தடை முடிந்து திரும்பியவர் 2015-இல் மீண்டும் உலகப் போட்டியின் இறுதிக்குச் சென்றார். 2017-இல் தம் 34-ஆவது வயதில் நான்காவது அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்றார். மறு ஆண்டு மூக்குப் புற்றுநோய் அவரைத் தாக்கியது. சிகிச்சை பெற்றுத் தேறினாலும் பழைய நிலைக்குத் திரும்ப இயலாமல் 2019 ஜூன் மாதம் ஓய்வை அறிவித்தார்.

அவருக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஒலிம்பிக் அன்று, தோமஸ் கிண்ணம்தான். நாடுகளின் ஆடவர் அணிகள் மோதும் அந்தக் கிண்ணத்தை 1949-இல் முதன்முதலாக நடத்தியபோதே மலாயா வென்றது. 1952, 1955 ஆகிய ஆண்டுகளிலும் தொடர்ந்து வென்றது. மூன்று வெற்றிகளிலும் வோங்கின் பங்கு இருந்தது. 1955-இல் எடியும் அணியில் இருந்தார். மலேசியா பின்னர் 1967-இலும் 1992-இலும் வென்றதோடு சரி. சோங் வெய் ஆடிய ஆண்டுகளில் கிண்ணம் ஒரு முறையும் வரவில்லை. 2014-இல் இறுதிவரை சென்று ஜப்பானிடம் 2-3 எனத் தோற்ற ஆட்டத்திலும் தம் பங்குக்கு அவர் வெற்றியைத் தேடித் தந்தார். ஐந்து ஆட்டங்களில் ஒற்றையர் ஆட்டக்காரர் ஒருவர் பெரும்பாலும் ஒன்றில்தான் ஆடுவார். அணியின் வெற்றியை ஒருவர் தலையில் சூட்டுவது எளிது. அணியின் தோல்வியை ஒருவர் முதுகில் ஏற்றுவது அதைவிட எளிது.

எண்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் தவறவிடும் செய்தி ஒன்று இருக்கிறது. வோங்கும் எடியும் ஆடிய ஆட்டத்தின் புள்ளிமுறையும் சோங் வெய் தம் புகழின் உச்சியில் ஆடிய ஆட்டத்தின் புள்ளிமுறையும் ஒன்றல்ல. பழைய முறையில் ஆடவர் ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு 15 புள்ளிகள். சர்வீஸ் போடுபவர் மட்டுமே புள்ளி பெற முடியும். எதிராளி பந்தை வென்றால் அவருக்குச் சர்வீஸ் போடும் உரிமைதான் கிடைக்கும், புள்ளி கிடைக்காது. அதனால், இருவரும் மாறி மாறிச் சர்வீஸை இழந்துகொண்டிருந்தால் புள்ளிப் பலகை அசையாமலே ஆட்டம் நீண்டுகொண்டு போகும். பின்தங்கியவர் பொறுமையாக மேலேற நேரமும் இருக்கும். 2006 முதல் நடைமுறைக்கு வந்த புதிய முறையில் ஒரு செட்டுக்கு 21 புள்ளிகள். யார் சர்வீஸ் போட்டாலும் பந்தை வென்றவருக்கே புள்ளி. ஒரு சிறு தவறும் உடனே எதிராளியின் கணக்கில் ஏறிவிடும். நிதானத்தை நம்பியவருக்குப் பழைய முறை ஏற்றது. தொடக்கம் முதலே வேகத்தைக் காட்டுபவருக்குப் புதிய முறை ஏற்றது. அந்தப் புதிய முறை வந்த 2006-ஆம் ஆண்டிலேயே மலேசியப் பொதுப் போட்டி இறுதியாட்டத்தில் சோங் வெய் ஒரு வியப்பை நிகழ்த்தினார். லின் டானுக்கு எதிரான மூன்றாவது செட்டில் 13-20 எனப் பின்தங்கியிருந்தார். எதிராளிக்குத் தேவை ஒரே ஒரு புள்ளி. அதைக் கொடுக்காமல் 23-21 என ஆட்டத்தை முடித்தார்.

இந்தப் புள்ளிமுறை மாற்றத்துக்கு முன்னின்று உழைத்தவர் ஒரு மலேசியத் தமிழர். அவர் பஞ்ச் குணாளன். 1970 பாங்காக் ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கமும், இங் பூன் பீயுடன் இணைந்து இரட்டையர் தங்கமும் வென்றவர். மறு ஆண்டு அதே இணை அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தைக் கைப்பற்றியது. 1974-இல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம். அதே ஆண்டு அகில இங்கிலாந்து ஒற்றையர் இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவின் ரூடி ஹார்த்தோனோவிடமிருந்து முதல் செட்டைப் பறித்தும் பட்டத்தை நழுவவிட்டார். ஹார்த்தோனோ அந்தப் பட்டத்தை எட்டு முறை வென்ற மாமல்லர். ஓய்வுக்குப் பின் குணாளன் உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் துணைத்தலைவர் பொறுப்புவரை உயர்ந்தார். அச்சம்மேளனத்தின் தலைமையகம் இங்கிலாந்திலிருந்து கோலாலம்பூருக்கு 2005-இல் மாறியது. மறு ஆண்டே புதிய புள்ளிமுறையும் வந்தது. இன்று உலகில் எந்த நாட்டில், எந்த மண்டபத்தில் பூப்பந்துப் போட்டி நடந்தாலும் அங்கு அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த முறையில்தான் புள்ளி எண்ணுகிறார்கள். 2012-இல் அவர் மறைந்தார். மிகச் சிறந்தவர் யார் என்ற விவாதத்தில் அவர் பெயர் வருவதே இல்லை. விவாதத்தில் பயன்படும் எண்களின் பொருளையே மாற்றியவர் அவர் என்பதும் பலருக்குத் தெரியாது.

விடுபட்ட பெயர்கள் இன்னும் உண்டு. மலேசியாவுக்கு ஒலிம்பிக்கின் முதல் பதக்கத்தைத் தந்தவர்கள் 1992-இல் வெண்கலம் வென்ற ரசீப், ஜலானி சிடேக் சகோதரர்கள். சோங் வெய் இறுதியாட்டங்களில் தொட்டும் தொடாமலும் விட்ட உலக வெற்றியாளர் பட்டத்தை 2022-இல் முதன்முதலாக நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஏரன் சியா, சோ வூய் யிக் இணையர். இவர்கள் அனைவரும் இரட்டையர் ஆட்டக்காரர்கள். இரட்டையர் ஆட்டத்தில் புகழ் இரண்டாகப் பிரிகிறது. மிகச் சிறந்தவர் என்ற பட்டமோ ஒருவருக்கு மட்டுமே உரியதாகப் பேசப்படுகிறது. பெண்களின் நிலை இன்னும் மோசம். பெர்லி தானும் தீனா முரளிதரனும் 2022 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்று, 2025 உலக வெற்றியாளர் போட்டியில் வெள்ளியும் வென்றனர். அவர்கள் ஆட்டத்தை ஆவலோடு பார்ப்பவர்கள்கூட, பேச்சு ‘மிகச் சிறந்தவர் யார்’ என்று திரும்பியதும் ஆண்களின் பெயர்களையே அடுக்குகிறார்கள்.

ஆகவே, சிம்பாங் அம்பாட் உணவகத்தில் இரு தரப்பும் குரலை உயர்த்துவதற்கு முன் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எதை வைத்து அளக்கிறோம்? நேருக்கு நேர் வெற்றியும் அணிக்குத் தந்த வெற்றியும்தான் என்றால் வோங் முன் நிற்கிறார். ஒரே ஆண்டில் இரு பிரிவிலும் கோலோச்சியதுதான் என்றால் எடி. நீண்ட காலம், மிகப் பல நாடுகளின் விளையாட்டாளர்களுக்கு எதிராக உச்சியில் நின்றதுதான் என்றால் சோங் வெய். இந்த மூன்றாவது அளவுகோலுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பளிக்கக் காரணம் இருக்கிறது. 1950-களில் அகில இங்கிலாந்துக்கு வந்து போட்டியிடுவது தூர நாட்டினர் பலருக்குக் கைக்கு எட்டாத செலவு. பரிசுப் பணமும் கிடையாது. வர முடிந்தவர்களுக்குள்தான் அன்றைய போட்டி. சோங் வெய்யின் காலத்திலோ சீனா, இந்தோனேசியா, டென்மார்க், கொரியா, இந்தியா என ஒவ்வொரு நாடும் முழுநேரப் பயிற்சி பெற்றவர்களை ஆண்டு முழுவதும் களத்துக்கு அனுப்பின. அந்தக் கூட்டத்தில் 349 வாரங்கள் முதலிடம் வகிப்பது எளிதன்று. எனினும், வோங்கின் பக்கத்தில் நிற்பவர் இதற்கு எளிதில் பதில் சொல்வார்: எதிரே யார் வருகிறார் என்பதை எந்த ஆட்டக்காரரும் தீர்மானிப்பதில்லை.

நான்கு முறை வென்ற மூவரின் வரிசையில் நான்காமவர் ஒருவர் சேர இன்னும் காலம் பிடிக்கும். சோங் வெய்க்குப் பிறகு அந்த ஒற்றையர் பட்டத்தை மலேசியாவுக்குக் கொண்டுவந்தவர் அலோர் ஸ்டாரைச் சேர்ந்த லீ சீ ஜியா. 2021-இல் ஒரு முறை. டென்மார்க்கின் விக்டர் அக்செல்சனுக்கு எதிரான அந்த இறுதியாட்டத்தின் முதல் செட் 30-29 என முடிந்தது. புதிய விதிப்படி 29-க்கு 29 என்று நின்றுவிட்டால் அடுத்த புள்ளியோடு செட் முடிந்துவிடும். 1955-இல் வோங்கும் எடியும் எதிரெதிரே நின்றபோது எந்தப் புள்ளிப் பலகையிலும் எழுத முடியாத எண்கள் அவை.